மதிப்பெண்ணுக்கும் சந்தைக்கும் நடுவே: தென்சென்னைப் புறநகரில் வரைகலை மாணவர் கைவேலையின் வரலாறு

வரைகலை வகுப்பில் மாணவர் செய்து முடிக்கும் கைவேலையைக் கல்வி வரலாற்றாசிரியர்கள் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. பாடத்திட்டங்களும் அரசாணைகளும் ஆவணக் காப்பகங்களில் இடம்பிடித்துவிடுகின்றன. ஆண்டு முடிவில் புறத்தேர்வாளர் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கும் வரைதாள்களோ வீட்டுப் பரணில் சில காலம் கிடந்துவிட்டுப் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடுகின்றன. எழுத்து, படம், வண்ணம், வெற்றிடம் ஆகிய நான்கையும் ஒரு பரப்பில் அமைத்து, பார்ப்பவரிடம் ஒரு செய்தியைச் சேர்ப்பிக்கும் கலையை வரைகலை என்கிறோம். தாம்பரம், பல்லாவரம், படூர், காட்டாங்குளத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல், அதாவது மாணவர் வழக்கில் விஸ்காம், படிப்போர் இன்று செய்து கொடுக்கும் சின்னமும் முகவரி அட்டையும் சுவரொட்டியும் நூலட்டையும் நேற்று முளைத்தவை அல்ல. அவற்றின் வேர், தாம்பரம் கல்லூரி ஊராக அறியப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே, 1850இல், சென்னை பிராட்வேயில் ஊன்றியது. அன்று முதல் மாணவர் கைவேலையை மதிப்பெண் ஒரு பக்கமும் சந்தை மறுபக்கமும் இழுத்து வந்திருக்கின்றன. அந்த இழுபறியைவிட வியப்பானது ஒன்று உண்டு: தமிழர் ஊரில், தமிழ் மாணவர்களை வைத்து நடந்த இந்தக் கல்வியில், தமிழெழுத்தின் வடிவமே ஒரு பயிற்சிப் பொருளாக மதிக்கப்பட மிக நீண்ட காலம் பிடித்தது.

சென்னை ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கிய கலைப்பள்ளி, சில ஆண்டுகளில் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம் மாறி, அரசின் பொறுப்புக்கு வந்து, பல பெயர்மாற்றங்களுக்குப் பின் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக அதே சாலையில் நிற்கிறது. ஓவியர்களை உருவாக்குவது ஹண்டரின் முதல் நோக்கம் அன்று. உள்ளூர் மக்களின் ரசனையைச் செம்மைப்படுத்துவதும், அன்றாடம் புழங்கும் பொருள்களை அழகாகவும் உறுதியாகவும் செய்யக் கைவினைஞர்களைப் பழக்குவதுமே அவர் கருத்தில் முன்னின்றன. ஆலைப் பொருள்களின் வடிவம் அவலட்சணமாக இருக்கிறதென்ற கவலை அப்போது இங்கிலாந்தையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது; 1837இல் லண்டனில் அரசு வடிவமைப்புப் பள்ளி தோன்றியதற்கும், 1851இல் அந்நகரில் மாபெரும் பொருட்காட்சி கூடியதற்கும் பின்னால் இருந்த அதே கவலைதான் ஹண்டரையும் இயக்கியது.

அவர் நடத்திய, கலைகளுக்கும் அறிவியலுக்கும் உற்பத்தித் தொழிலுக்குமான இதழில் பள்ளி மாணவர்கள் செதுக்கிய மரச்செதுக்குப் படங்கள் அச்சாயின. இந்நகரில் மாணவர் கைவேலை அச்சேறிப் பொதுமக்கள் கைக்குப் போனதற்கான தொடக்கக் காட்டுகளில் இது குறிப்பிடத்தக்கது என்பதால், அந்த வேலையின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். மரச்செதுக்கு என்பது இழை நெருக்கமான ஒரு கட்டையின் குறுக்குவெட்டுப் பரப்பில் கூரிய சிற்றுளியால் கோடு கோடாகக் கீறிப் படம் எடுப்பது. உளி பட்ட பள்ளம் அச்சில் வெள்ளையாக விழும். தொடாமல் விட்ட மேடு மையை ஏற்றுக் கறுப்பாக விழும். ஆகவே மாணவன் வரைவது நிழலை அன்று, வெளிச்சத்தை. படம் தாளில் நேராக விழ வேண்டுமானால் கட்டையில் இடவலம் மாறிச் செதுக்கப்பட வேண்டும்; கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்தோடு மயிரிழை பிசகாமல் ஒத்திருந்தால்தான் படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் இறுக்கி ஒரே அழுத்தில் அச்சிட முடியும். உளி ஒருமுறை வழுக்கினால் அழிப்பதற்கு வழியில்லை. படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று இடம்விட்டு அமரச் செய்யும் இந்தக் கட்டுப்பாடு, பின்னாளில் பக்க வடிவமைப்பு என்று பெயர் பெற்ற கல்வியின் முதற்பாடமாகும். அது ஆங்கில இதழின் பக்கம் என்பதையும் மறந்துவிடலாகாது.

பள்ளி தொடக்கத்திலேயே கலைப்பிரிவு, தொழிற்பிரிவு என இரண்டாகப் பிரிந்தது. தொழிற்பிரிவின் வேகம் சில காலம் கலைப்பிரிவை விழுங்கிவிடும் அளவுக்கு இருந்தது: 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்வதைத் தொடங்கி, அதை ஒரு தனிக் கம்பெனியே நிற்கும் அளவுக்கு வளர்த்தார். அவரே பின்னர் அரசுக்காக நடத்திய குரோம் தோல் பதனிடும் சோதனைகள் சென்னைத் தோல் தொழிலுக்கு வழிகாட்டின, ஜி. ஏ. சேம்பர்ஸ் 1912இல் பல்லாவரத்தையொட்டி நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையால் அந்த இடத்துக்குக் குரோம்பேட்டை என்ற பெயரே வந்துவிட்டது. கலைப்பள்ளியின் தொழில் ஆர்வம் தென்புறநகரில் விட்டுச்சென்ற தடங்களில் ஒரு மின்ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையும் மறைமுகமாகச் சேரும் என்பது வேடிக்கையான செய்திதான்.

மின்ரயிலைத் தவிர்த்து இப்பகுதியின் கல்வி வரலாற்றை எழுத இயலாது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான பாதை 1931 மே மாதத்தில் மின்மயமானது. ஆறு ஆண்டுகளில், ஜார்ஜ் டவுனில் நூறாண்டு கண்ட சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. நகரத்திலிருந்து மாணவர் தெற்கே வரத் தொடங்கியது போலவே, தெற்கிலிருந்து வடக்கே போகவும் வழி பிறந்தது. பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ குடியிருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, காலையில் வண்டி ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் நடந்தே கலைப்பள்ளிக்குப் போய்விடலாம் என்ற வசதி, ஓவியக் கல்வியை நகர நடுவில் வாழ்ந்தவர்களின் தனியுரிமையாக இல்லாமல் ஆக்கியது.

கலைப்பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்கு மற்றொரு வாசல் இருந்தது. அரசு தொழில்நுட்பத் தேர்வுகள் என்ற பெயரில் கையால் புறக்கோடு வரைதல், மாதிரிப் பொருள் வரைதல் முதலியவற்றில் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகளாகத் தேர்வு நடந்தது; அவற்றில் தேறி, தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பெற்றவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். இத்தேர்வுக்கான பயிற்சித் தாள்களில் சமச்சீரான பூவேலைகளும் குவளைகளும் கூம்புகளும் மீண்டும் மீண்டும் வந்தன. நடுக்கோட்டின் இடப்பக்கத்தில் வரைந்த வளைவை வலப்பக்கத்தில் அப்படியே திருப்பி வரையும் இந்தப் பயிற்சி கையைப் பழக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்காக, எந்த இடத்தில் ஒட்டுவதற்காக, எவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பதற்காக ஒன்று வரையப்படுகிறது என்ற கேள்வி அதில் எழவே இல்லை. மதிப்பெண்ணுக்கான கைவேலை என்பதன் தூய வடிவம் இதுவே எனலாம்.

கலைப்பள்ளியில் 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமையேற்ற பின் சிற்பமும் ஓவியமும் மேலே வந்தன. அவருக்குப் பின் 1957இல் பொறுப்பேற்ற கே. சி. எஸ். பணிக்கர் காலத்தில், படித்து முடித்த மாணவர் எதைக் கொண்டு பிழைப்பார் என்ற கேள்வி வெளிப்படையாகப் பேசப்பட்டது. விளம்பர நிறுவனத்திலோ அலுவலகத்திலோ வேலைக்குப் போனவர் தூரிகையை மூட்டை கட்டிவிடுவதைப் பணிக்கர் கண்டார். கைவினைப் பொருள் செய்து விற்று அந்த வருவாயில் ஓவியத்தைத் தொடர்வது என்ற தீர்வை அவரும் அவர் மாணவர்களும் முன்வைத்து, அதற்கெனக் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அச்சங்கம் ஈட்டிய பணமும் உறுப்பினர் போட்ட பணமும் சேர்ந்து, மாமல்லபுரம் செல்லும் வழியில் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் நிலம் வாங்க உதவியது. 1966இல் அங்கே தோன்றியதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றுள்ள வடிவில் இல்லாத அக்காலத்தில், சவுக்குத் தோப்பும் மணல்மேடும் தவிர வேறில்லாத இடத்துக்குக் குடியேற இளைஞர்கள் துணிந்ததற்குக் காரணம், கையில் விற்கத்தக்க ஒரு தொழில் இருந்ததே.

அந்தத் தொழில்களில் பெரிதும் கைகொடுத்தது பாத்திக். துணியில் வண்ணம் ஏறக் கூடாத இடங்களை உருக்கிய மெழுகால் மூடி, சாயத்தில் நனைத்து, காயவைத்து, அடுத்த வண்ணத்துக்கு மீண்டும் மெழுகிட்டு, கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கரைத்தெடுக்கும் முறை அது. குளிர்ந்த மெழுகு நொறுங்கும் இடங்களில் சாயம் ஊறி இழையிழையாக விழும் வெடிப்புக் கோடுகளே அதன் தனி அழகு. வண்ணங்களை இளமையிலிருந்து அடர்த்திக்கு வரிசைப்படுத்தி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எந்த வண்ணம் எதன் மேல் ஏறினால் எதுவாக மாறும் என்பது மனத்தில் இருக்க வேண்டும். அச்சுத் தொழிலில் நான்கு வண்ணப் பிரிப்பு என்று பின்னர் கற்பிக்கப்பட்டதை மெழுகும் துணியும் வேறு வழியில் கற்பித்தன. ஆயினும் கலைஞர்களே இதனை வயிற்றுப்பாட்டுக்கான வேலை என்று கீழாகவும், ஓவியத்தை உண்மையான வேலை என்று மேலாகவும் வைத்துப் பார்த்தனர். கிராமத்தின் நிலத்தை வாங்கித் தந்த கைவேலை கிராமத்தின் வரலாற்றில் அடிக்குறிப்பாகவே எஞ்சியது நியாயமன்று.

எழுத்து இந்தக் கட்டத்தில் ஓவியத்துக்குள் வந்தது, ஆனால் படிப்பதற்கு அன்று. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற தொடரில் எழுத்துப் போன்ற கிறுக்கல்களும் கணக்குக் குறிகளும் சாதகக் கட்டங்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் படிக்க முயல்பவர் ஏமாறுவார், பார்க்கத் தெரிந்தவர் தேறுவார். பணிக்கரின் பள்ளியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் எழுத்தைப் படிப்பவர் பக்கம் திருப்பிக் கொண்டுவந்தார். நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றிக்கொண்டே, தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூலட்டைகளுக்கும் அவர் தீட்டிய கோட்டோவியங்களும் தலைப்பெழுத்துகளும் அதுவரை பத்திரிகைகளில் வழங்கிய உருண்டு திரண்ட அலங்கார எழுத்தின் பிடியை உடைத்தன. காய்ந்த தூரிகையை இழுத்த வேகம் எழுத்தின் உடலிலேயே தெரியும்படி விடுவது அவர் வழக்கம். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த படங்கள் வழியே அந்தக் கோடு பெருந்திரள் வாசகர்களையும் எட்டியது. எனினும் இது ஒரு கலைஞரின் கைவண்ணமாகப் போற்றப்பட்டதே அன்றி, வகுப்பில் படிப்படியாகப் பயிற்றுவிக்கத்தக்க ஒரு முறையாக வளரவில்லை.

தமிழெழுத்தை முறையாகப் பயின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் கடைப் பலகைகளையும் லாரிப் பின்பலகைகளையும் தேர்தல் சுவர்களையும் எழுதிய பெயின்டர்கள், ஒரு வாத்தியாரிடம் தூரிகை கழுவுவதில் தொடங்கி, பின்னணி பூசி, பிறகு எழுத்துக்கு உயர்ந்தவர்கள். சுண்ணாம்படித்த சுவரில் நூல் பிடித்து மேல்கோடும் கீழ்கோடும் போட்டு, சுண்ணக்கட்டியால் எழுத்தின் எலும்பை மட்டும் குறித்துக்கொண்டு, தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் சதை பூசுவார்கள். ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனதால் கட்டத்துக்குள் அடங்கிவிடும். தமிழில் ‘இ’யின் சுழியும் ‘ழ’வின் வாலும் ‘கூ’வின் மடிப்பும் கட்டத்தை மீறி மேலும் கீழும் ஓடும். ‘ஞ’ போன்ற அகன்ற எழுத்தையும் ‘ர’ போன்ற ஒடுங்கிய எழுத்தையும் அடுத்தடுத்து வைத்து இடைவெளி உறுத்தாமல் நிரவுவதற்கு இவர்கள் கண்ணளவே துணை. தேர்தலுக்கு மாதங்களுக்கு முன்பே சுவரின் மூலையில் கட்சிப் பெயரோடு ‘ரிசர்வ்’ என்று எழுதி இடம்பிடிக்கும் வழக்கமுள்ள நகரில், எழுதுவோருக்கு வேலைப் பஞ்சம் இருந்ததில்லை. கமர்ஷியல் ஆர்ட் வகுப்பில் சுவரொட்டி பயின்ற மாணவரும் இவர்களும் ஒரே தெருவில் நடந்தார்கள், ஒருவரிடம் மற்றவர் கற்றது சொற்பம்.

எழுத்தை உலோகப் பொருளாகக் கற்பித்த இடம் தரமணி. சென்னைத் தொழிற்பள்ளியாக 1916இல் தொடங்கி மத்தியப் பல்தொழில்நுட்பப் பயிலகமாக வளர்ந்த நிறுவனம், நகரத்துத் தெருக்களை விட்டுத் தெற்கே தரமணிக்கு வந்தபின், அச்சுத் தொழில்நுட்பம், நெசவுத் தொழில்நுட்பம் போன்ற துறைப் பயிலகங்கள் அந்த வளாகத்தில் ஒன்றுகூடின. 1945இல் அதே பயிலகத்தின் ஒரு பிரிவாகத் தோன்றிய திரைப்படக் கல்வியும் அங்கேயே நிலைபெற்றது. அச்சுக்கோப்பு வகுப்பில் மாணவர் முதலில் கற்பது கேஸின் வரைபடத்தை. கேஸ் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை வீதம் தடுக்கப்பட்ட மரத்தட்டு. ஆங்கிலத்துக்கு ஒரு சோடித் தட்டு போதும்; தமிழுக்குப் போதாது. ஆகார, ஏகாரங்களைக் காலும் கொம்பும் சேர்த்துச் சமாளித்துவிடலாம் என்றாலும், உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொரு மெய்யும் வெவ்வேறு உருவம் கொள்வதால் பதினெட்டு மெய்க்கு 36 தனி எழுத்துகள் வேண்டியிருந்தன. அவற்றோடு கிரந்த எழுத்துகளும் எண்களும் குறிகளும் சேர்ந்தால், கோப்பவர் கை எட்டும் தூரத்துக்குள் நூற்றுக்கணக்கான அறைகள். தட்டைப் பார்க்காமல் விரலே அறையைத் தேடிப் போகும் வரை பயிற்சி நீண்டது. இடவலம் மாறிய ஈய எழுத்துகளைக் கோல் எனப்படும் கையடக்கச் சட்டத்தில் தலைகீழாக அடுக்கி, வரி நிறையும்போது சொல்லிடை ஈயத்துண்டுகளைக் கூட்டிக் குறைத்து இறுக்குவதே அன்றைய மாணவரின் ஆண்டுத் தேர்வுக் கைவேலை.

இந்த அறைகளின் எண்ணிக்கை அரசியலாகவும் ஆனது. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை, அவர் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணகர, றகர, னகரங்களின் ஆகார, ஒகர, ஓகார வடிவங்கள் ஒன்பதும், ண, ல, ள, னகரங்களின் ஐகார வடிவங்கள் நான்கும், ஆகப் பதின்மூன்று எழுத்துகள் பொது முறைக்குள் வந்தன. தும்பிக்கை போல மேலே வளைந்த பழைய ‘லை’யை எழுதிப் பழகிய கை ஒரே ஆண்டில் மாற வேண்டியிருந்தது. பெயின்டர்கள் பலர் பழைய வடிவத்தைப் பலகைகளில் வெகுநாள் விடாமல் எழுதினார்கள். இடத்தைச் சிக்கனப்படுத்தும் அந்த வளைவு அவர்களுக்குத் தோதாக இருந்தது என்பதே காரணமாக இருக்க வேண்டும். சீர்திருத்தம் அச்சுத் தட்டையும் தட்டச்சுப் பொறியையும் கருதியது. எழுத்தின் தோற்றம் எப்படி அமைய வேண்டும் என்பதை யாரும் ஒரு வடிவமைப்புச் சிக்கலாக மாணவர் முன் வைத்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையே வடிவமைப்புக் கல்வி என்ற சொல்லுக்கு இந்தியாவில் புதிய பொருள் வந்தது. ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை நடந்த பௌஹௌஸ் பள்ளி, புள்ளி, கோடு, தளம், வண்ணம் ஆகியவற்றை எந்தப் பொருளையும் சாராத அடிப்படைகளாகப் பிரித்து முதலாண்டில் பயிற்றுவித்தது. சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாதில் அமைந்த தேசிய வடிவமைப்பு நிறுவனமும், 1969இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தோன்றிய தொழில் வடிவமைப்பு மையமும் அந்த மரபை இங்கே ஊன்றின. தமிழ்நாட்டில் அது விஸ்காம் பட்டப்படிப்பாக உருமாறிப் பரவியது. நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி முன்னோடியாக நிற்க, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி முதல் பல்லாவரம், படூர், காட்டாங்குளத்தூர் வரை தென்புறநகர்க் கல்லூரிகள் பின்தொடர்ந்தன. தரமணியில் 1995இல் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் கிளை வந்தது. முதலாண்டில் போஸ்டர் கலரால் வண்ணச் சக்கரம், அடுத்துச் சின்னம், அதே சின்னம் ஏறிய கடிதத்தாள், முகவரி அட்டை, உறை, பிறகு சமூகச் செய்தி தாங்கிய சுவரொட்டி என்று செல்லும் வரிசை, கல்லூரிக்குக் கல்லூரி அதிகம் மாறுவதில்லை. இல்லாத ஒரு கம்பெனிக்குச் சின்னம் வரைவதில் உள்ள குறை வெளிப்படையானது: பணம் தரும் வாடிக்கையாளரின் பிடிவாதமும் அச்சகத்தாரின் கணக்கும் அதில் குறுக்கிடுவதில்லை. அந்தப் படிப்பினையைத் தருவது பெரும்பாலும் ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை வீட்டாரின் பட்டங்களையும் தாய்மாமன்மார் பெயர்களையும் ஒன்றுவிடாமல் நான்கு பக்கத்துக்குள் அடக்கி, யாருடைய பெயரும் யாருடையதைவிடச் சிறிதாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் மாணவர், எழுத்தளவின் படிநிலை என்று பாடநூல் சொல்வதை அதற்குப் பிறகு மறப்பதில்லை.

தொண்ணூறுகள் வரை இவ்வேலை கத்தரியும் பசையுமாக நடந்தது. ஆர்ட்வொர்க் எனப்பட்ட மூலப்படி, வழவழப்பான வெள்ளை அட்டையில் அச்சிட்ட எழுத்துப் படிகளை வெட்டி ஒட்டி, மேலே ஒளிபுகும் தாளைப் போர்த்தி, எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று பென்சிலில் குறித்து அச்சகத்துக்கு அனுப்பப்பட்டது. ஆங்கிலத்துக்கு லெட்ராசெட் என்ற தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் கைகொடுத்தது. தமிழ்த் தலைப்பைப் பெரும்பாலும் கையாலேயே வரைய நேர்ந்தது. அந்த இல்லாமையே மாணவரைத் தமிழெழுத்தோடு மல்லுக்கட்ட வைத்தது என்பதால், அதை நல்லூழ் என்றும் கருதலாம். பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் வந்தபின் அந்தக் கட்டாயம் அகன்றது. கல்லூரி வாசல்களின் டி.டி.பி. கடைகளில் கிடைத்த ஒருசில தமிழ் எழுத்துருக்களே எல்லா மாணவர் வேலைகளிலும் தலைகாட்டின. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியேற்ற முறை வைத்திருந்ததால், ஓர் எழுத்துருவில் அடித்த வரி மற்றொன்றில் பொருளற்ற குறிகளாக விழும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பின்னும் சிக்கல் உடனே தீரவில்லை: பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காமல் பின்னால் தொங்கும், கால் தனியே விலகி நிற்கும். அதனால் மாணவர் யூனிகோடைக் கைவிட்டுப் பழைய எழுத்துருவுக்கே திரும்பினர், அல்லது சுவரொட்டியை ஆங்கிலத்தில் செய்து முடித்தனர். எளிய வழி பின்னதே.

தமிழெழுத்து ஒரு மாணவர் கைவேலையின் மையப் பொருளாக வந்ததற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, தென்சென்னையில் கட்டடக்கலை படித்த ஒருவரிடமிருந்து கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமார், கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில் 2001இல் பட்டம் பெற்று, பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் முதுகலை பயின்றபோது, ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துருவை மாணவராக உருவாக்கினார். முனைவர் பட்ட ஆய்வையும் தமிழ் அச்சுருவிலேயே மேற்கொண்டார். 2010 ஜூலை 15 அன்று இந்திய ரூபாயின் குறியீடாக நடுவண் அமைச்சரவை ஏற்ற வடிவம் அவருடையது. அந்தக் குறியீடு தேவநாகரி, உரோமன் எழுத்துகளின் இணைப்பாகப் பேசப்பட்டது. அதை வரைந்தவரின் கையும் கண்ணும் பழகியது தமிழ்ச் சுழிகளில் என்பது குறைவாகவே பேசப்பட்டது. கட்டடக்கலை கற்பிக்கும் அளவுக் கணக்கும், எழுத்தின் உள்வெளியும் வெளிவெளியும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்ற உணர்வும் உறவுள்ளவை; ஆனாலும் அவர் இதற்காகப் பம்பாய் வரை போக வேண்டியிருந்தது என்பது சென்னையின் கல்வியமைப்பு குறித்த ஒரு தகவல்.

சந்தைக்கும் பயிற்சிக்கும் இடையிலான சுவரைத் தென்சென்னையில் திறம்படத் தகர்த்தது ஒரு கல்லூரி அன்று, ஒரு பதிப்பகம். கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கி, திருவான்மியூரிலிருந்து இயங்கும் தாரா புக்ஸ், பட்டுத்திரை அச்சு, அதாவது மாணவர் வழக்கில் ஸ்கிரீன் பிரிண்டிங், என்ற பழைய முறையை முழு நூலுக்கே பயன்படுத்தியது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் ஒளியுணர் கரைசல் பூசி, படத்தின் நிழல் விழுந்த இடத்தை நீரில் கழுவித் திறந்து, அத்திறப்பு வழியாக ரப்பர்ப் பட்டையால் மையை இழுத்து விடுவதே அந்த முறை. வண்ணத்துக்கு ஒரு சட்டம், ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வோர் இழுப்பு. கல்யாணப் பத்திரிகைக்கும் கடை அட்டைக்கும் மட்டுமே ஏற்றது என்று கருதப்பட்ட இம்முறையில், கறுப்புத் தாளில் கோண்டு ஓவியர்களின் மரங்களை அச்சிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2006இல் வெளிவந்து, 2008இல் பொலோனியா சிறுவர் நூல் சந்தையின் விருதைப் பெற்றது. வகுப்பறையில் ஒரு வாரப் பயிற்சியாக முடிந்துவிடும் ஒன்றை வடிவமைப்பின் ஆதாரமாகவே கொள்ள முடியும் என்பதை அது காட்டியது.

எதிர்த்திசையில் போனது பிளெக்ஸ். வினைல் துணியில் கணினிக் கோப்பை நேரே அச்சிடும் பொறிகள் இரண்டாயிரத்தையொட்டிப் பரவியபோது, பெயின்டரின் தொழில் சில ஆண்டுகளில் சுருங்கியது; கட்அவுட் வரைந்தவர்களும் பேனர் எழுதியவர்களும் வீட்டுச் சுவர் வேலைக்குப் போயினர். விலை வீழ்ந்ததால் பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் பேனர் முளைத்தது. அவற்றில் கணிசமான பகுதியை ஃபோட்டோஷாப் அறிந்த இளைஞர்கள் ஓரிரவில் செய்து கொடுத்தார்கள். 2019 செப்டம்பரில் பல்லாவரம்-துரைப்பாக்கம் சாலையில், பள்ளிக்கரணை அருகே, ஒரு திருமணத்துக்காக வைத்திருந்த பேனர் சரிந்து விழ, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தார். உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கட்சித் தலைவர்கள் தொண்டர்களைப் பேனர் வைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டனர். எந்த இடத்தில், எந்தக் கட்டுமானத்தில் நிற்கப்போகிறது என்பதை அறியாமல் திரைக்குள் மட்டும் ஒன்றை வடிவமைக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இப்பகுதியில் இல்லை.

இன்று தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. யூனிகோடுத் தமிழை வடிவமைப்பு மென்பொருள்கள் சரிவரக் காட்டுகின்றன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரன்’, எக் டைப் குழுவினரின் ‘முக்தா மலர்’ போன்ற எழுத்துருக்கள் பல கனங்களில் இலவசமாகக் கிடைப்பதால், தலைப்புக்கும் உடலுக்கும் ஒரே குடும்பத்திலிருந்து எழுத்தைத் தேர்ந்து தமிழையும் ஆங்கிலத்தையும் ஒத்த எடையில் நிறுத்த மாணவரால் முடிகிறது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளைச் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபின் இப்பகுதியில் எழுதப்பட வேண்டிய பலகைகளுக்கும் குறைவில்லை. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பிற மொழிக்கும் 5:3:2 என்ற விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதி சொல்கிறது. ஐந்து பங்கு தமிழ், மூன்று பங்கு ஆங்கிலம், இரண்டு பங்கு இந்தி அல்லது உருது, அதன் நடுவே ஒரு சின்னம், கீழே கைப்பேசி எண்: இல்லாத கம்பெனிக்குச் சின்னம் வரைவதைவிடக் கடினமான இந்தக் கணக்கை, கல்லூரி வாசலிலிருந்து தாம்பரம் நிலையம் வரை நடந்தால் மாணவர் நூறு இடங்களில் தவறாகப் போடப்பட்டிருக்கக் காணலாம்.